நீக்கப்பட்ட கேள்வி

"உன் பேச்சைக் கேட்டுத்தான் ஏறினேன். இறங்கற வரைக்கும் கம்பியைப் பிடிக்கல, உன் பேச்சைத்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்று இளையவள் காலையில் தொலைபேசியில் சொன்னாள். குரலில் நடுக்கமும் சிரிப்பும் கலந்திருந்தன.

"பார்த்தியா, ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல. ஆனா நான் கண்ணைத் திறக்கவே இல்ல. எதிர்ல ஒரு அம்மா கூடையை மடியில வச்சுக்கிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கிட்டு வந்தாங்க. அவங்க கால்ல விழலாம்போல இருந்துச்சு."

"சாயங்காலமும் அதுலயே இறங்குடி. பஸ்ஸுக்கு நின்னு நின்னு முட்டி தேய வேண்டாம்."

"உத்தரவு, மகாராணி. நீ சரின்னு சொன்னா சரி."

உடன்பிறந்தவர் இருவரில் இளையவள் மலைமேல் உள்ள மருத்துவமனையில் செவிலி. மூத்தவளின் அலுவலகம் மலையடிவாரத்தில், கம்பிவட ஊர்தி நிலையத்துக்கு எதிரே இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. அந்த ஊர்தியை ஓட்டும் கணினிக்கு நிரல் எழுதிக் காப்பது அவள் பணி. சில மாதங்களுக்கு முன் பழைய கணினி திடீரென உறைந்துபோக, பெட்டிகள் இரண்டும் நடுவானில் நின்றுவிட்டன. இளையவள் அன்று ஒரு பெட்டிக்குள் இருந்தாள். காற்றில் ஆடும் அப்பெட்டியில் அவள் தரையில் அமர்ந்து, பிறருடைய காலணிகளையே பார்த்துக்கொண்டு நேரத்தைக் கழித்தாள். அன்றிலிருந்து அவள் ஊர்தியை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. மலையைச் சுற்றிப் போகும் பேருந்தே அவளுக்குக் கதியாயிற்று. இப்போது கணினி புதியது; இன்று காலையில்தான் அதைக்கொண்டு ஊர்தி ஓடத் தொடங்கியிருந்தது. "நான் மாத்தியிருக்கேன், என்னை நம்பு" என்று மூத்தவள் நாள்தோறும் சொல்லிச் சொல்லி, இன்றுதான் தங்கையை மறுபடியும் ஏற வைத்திருந்தாள்.

மாற்றியதாக அவள் சொன்னாலும், உண்மையில் அவள் செய்தது மாற்றாமல் காப்பாற்றும் வேலை. நிரல் மிகப் பழையது. அதை முதன்முதலில் எழுதியவர் யாரென்று இப்போது பணியில் இருப்போரில் ஒருவருக்கும் தெரியாது. நிரலை மனிதர் தமக்கு விளங்கும் சொற்களில் எழுதுவர். அதை இயந்திரம் நிறைவேற்றும் கட்டளைகளாகப் பெயர்த்துத் தருவது கம்பைலர். பழைய நிரலுக்குப் பழைய கம்பைலர் பழகிப் போயிருந்தது. புதிய கணினியோ புதிய கம்பைலரை மட்டுமே ஏற்றது. ஆதலால் நிரலின் பொருள் பிசகாமல், புதிய கம்பைலரின் மனங்கோணாமல், ஆங்காங்கே சொல்லைத் திருத்தி அதனை உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது.

புதிய கம்பைலர் புது வீட்டுக்கு வந்த மாமியாரைப்போல் தொட்டதற்கெல்லாம் குறை சொல்லிற்று. வரிக்கு வரி எச்சரிக்கை. அவற்றுள் பெரும்பாலானவை வெறும் நடைமுறைக் குறைகள். அந்த அலுவலகத்தில் இதற்கு நெடுநாளைய வைத்தியம் ஒன்று உண்டு. எச்சரிக்கைகளைத் திரையில் காட்டாதே என்று கம்பைலருக்கு ஒரு குறிப்புக் கொடுத்துவிடுவர். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மௌன விரதம். "விரதம் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவர். மூத்தவளும் போட்டிருந்தாள்.

அன்று மதிய உணவுக்குப் பின் மேலாளர் அவள் மேசைக்கு வந்தார். ஊராட்சி அலுவலகத்தில் புதிய ஏற்பாட்டை ஒப்படைக்கும் கூட்டத்துக்குப் புறப்பட்டு நின்ற அவர், சட்டைக் காலரை நீவிக்கொண்டே சிரித்தார்.

"என்னம்மா, உங்க புரோகிராம் இப்படி இளைச்சுப்போச்சு? பழசைவிடச் சின்னதா இருக்கு. புது கம்பைலர் பட்டினி போட்டுடுச்சா?"

"சின்னதா இருக்கா சார்?"

"நல்ல அளவு சின்னது. கூட்டத்துல இதையும் சொல்லப்போறேன். வேகம் அதிகம், எடை குறைவு. கேட்கிறவங்களுக்குப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

அவளுக்கு அந்தப் பாராட்டு இனிக்கவில்லை. அவள் எதையும் வெட்டவில்லையே. தான் ஒரு வரியும் குறைக்காத நிரல் எவ்வாறு குறைந்தது? புதிய கம்பைலர் சிக்கனமானது என்பதை அவள் அறிவாள். ஒரே வேலையைக் குறைந்த கட்டளைகளில் முடிக்கவல்லது. எனினும் எது குறைந்தது என்று பார்த்துவிட்டால் மனம் அமைதியுறும் என்றெண்ணி, கம்பைலர் பெயர்த்துத் தந்த கட்டளைகளைத் திரையில் விரித்து, பகுதி பகுதியாக மூல நிரலோடு ஒப்பிட்டாள்.

ஊர்தியின் இருப்பிடத்தைக் கணிக்கும் பகுதிக்கு வந்ததும் அவள் விரல் நின்றது.

அந்த ஊர்திக்கு இரண்டே பெட்டிகள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். மேலே சக்கரம் சுழலச் சுழல, கணினி காலையிலிருந்து எண்ணிக்கொண்டே போகும். அன்று கடந்த மொத்தத் தொலைவைக் கொண்டு பெட்டி இப்போது எங்கே இருக்கிறது என்று கணிக்கும். நிலையம் நெருங்கினால் வேகத்தைத் தணிக்கும். ஆனால் எண்ணை வைத்திருக்கும் கொள்கலத்துக்கு ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டினால் எண் புரண்டு, சுழியத்துக்குக் கீழே எங்கோ போய் விழும். அப்போது கணினியின் கணக்கில் பெட்டி நிலையத்துக்கு வெகுதொலைவில் இருக்கும். ஆகவே வேகத்தைத் தணிக்காது.

முதலில் எழுதியவர் இதை உணர்ந்திருந்தார். கூட்டுவதற்கு முன் ஒரு கேள்வியை வைத்திருந்தார்: இந்த எண்ணோடு இன்னும் சிறிது கூட்டினால், விடை இதைவிடக் குறைவாக வருகிறதா? வந்தால் கொள்கலம் நிரம்பப்போகிறது என்று பொருள். எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கு.

இத்தனை ஆண்டுகளும் நாள்தோறும் பிற்பகலில் ஒரு முறை அந்தக் கேள்விக்கு ஆம் என்ற விடை வந்துகொண்டிருந்தது. ஒருவரும் அறியாமல் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கிக்கொண்டிருந்தது.

புதிய கட்டளைகளில் அந்தக் கேள்வி இல்லை.

அவள் மேலும் கீழுமாகத் தேடினாள். வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டிருக்கலாம் என்று நம்பினாள். எங்கும் இல்லை. மௌன விரதத்தைக் கலைத்து, நிரலை மறுபடியும் கம்பைலருக்குக் கொடுத்தாள். எச்சரிக்கைகள் அருவியாய்க் கொட்டின. அவற்றிடையே அந்த வரியின் எண்ணைத் தேடிப் பிடித்தாள்: ஓர் எண்ணோடு இன்னொன்றைக் கூட்டினால் அது குறையாது. ஆகவே இவ்வொப்பீடு ஒருகாலும் மெய்யாகாது. தேவையற்றது என நீக்கப்பட்டது. கம்பைலர் முறையாகச் சொல்லியிருந்தது. கணக்குப் புத்தகத்தின்படி அது சொன்னது சரி. மலைமேல் சுழலும் சக்கரத்தின்படி தவறு.

ஆனால் சோதனை? கொள்கலத்தை எல்லைக்கருகில் வைத்து ஓட்டிப் பார்க்கும் சோதனை ஒன்று இருந்ததே? அது தேறியதை அவளே கண்ணால் கண்டாளே? ஒரு கணம் மூச்சு வந்தது, மறுகணம் போயிற்று. அவர்கள் சோதிப்பது ஒரு வடிவத்தை, அனுப்புவது வேறொரு வடிவத்தை. சோதனை வடிவத்தில் கம்பைலர் எதையும் சுருக்காமல் வரிக்கு வரி பெயர்க்கும். பிழை தேட அது வசதி. எல்லாம் தேறியபின் வேறொரு பொத்தானை அழுத்திச் சுருங்கிய வடிவத்தை எடுத்து ஊர்திக்கு அனுப்புவர். பழைய கம்பைலர் காலத்தில் இரண்டும் ஒன்றுபோலவே நடந்தன. அதனால் அனுப்பிய வடிவத்தைச் சோதிக்க வேண்டும் என்று அந்த அலுவலகத்தில் எவருக்கும் தோன்றியதில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

தங்கையின் எண்ணை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. பணி நேரத்தில் செவிலியர் தொலைபேசியைப் பெட்டகத்தில் வைத்துவிடுவர். மறுபடியும் அழைத்தாள். பிறகு கீழ்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையை அழைத்தாள். அங்கே இருப்பவருக்குச் சங்கு என்று பெயர். ஒலிபெருக்கி பழுதானாலும் அவர் அறிவிப்பு மலையுச்சிவரை கேட்கும் என்பதால் வந்த பெயர்.

"சொல்லுங்க மேடம்! உங்க புது வண்டி வெண்ணெய்ல கத்தி மாதிரிப் போகுது!"

"அண்ணே, பலகையில மொத்த எண்ணிக்கைன்னு ஒரு நம்பர் ஓடுமே, அது எவ்வளவு?"

அவர் ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார். முதல் மூன்று இலக்கங்களைக் கேட்டதுமே அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். எல்லைக்கு ஒரு நடைகூட முழுதாக மிச்சமில்லை.

"பெட்டி இப்போ எங்க இருக்கு?"

"இப்பதான் கிளம்புச்சு. மேல ஆஸ்பத்திரி ஷிஃப்ட் விட்டாச்சு, பெட்டி நிறைய நர்ஸம்மாங்கதான். உங்க தங்கச்சியும் ஏறியிருக்குன்னு மேல இருந்து சொன்னாங்க. பயந்துக்கிட்டே ஏறுச்சாம்."

"நிறுத்துங்க அண்ணே. இப்பவே நிறுத்துங்க."

"என்னது?"

"வண்டியை நிறுத்துங்க!"

"மேடம், போன தடவை நின்னதுக்கு அப்புறம் என்ன சட்டம் போட்டாங்கன்னு மறந்துட்டீங்களா? நெருப்பு, புயல், இல்லைன்னா சார் வாயால சொல்லணும். உங்க வாயால இல்ல. சாரைப் பேசச் சொல்லுங்க, அடுத்த நொடி நிறுத்தறேன்."

அவள் மின்தூக்கிக்குக் காத்திராமல் படிகளில் ஓடினாள். ஓடிக்கொண்டே மேலாளரை அழைத்தாள்; அவர் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். தெருவில் பிற்பகல் வெயில் சுவர்களில் சாய்ந்திருந்தது. பூட்டுப் பழுதுபார்க்கும் கடைக்காரர் ஏதோ கேட்டார். அவள் காதில் விழவில்லை. தலைக்குமேல் கம்பிவடம் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. நாள்தோறும் கேட்டு மறந்துபோன ஒலி அது. இன்று அதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. வெகு உயரத்தில், மலையின் பச்சைக்கெதிரே, பெட்டி ஒரு வெள்ளைப் புள்ளியாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

கட்டுப்பாட்டு அறைக்குள் அவள் நுழைந்தபோது சங்கு தொலைபேசியைக் கையில் நீட்டிக்கொண்டு நின்றார். "சார் லைன்ல இருக்கார். நானே பிடிச்சேன்."

அவள் மூச்சிரைக்கச் சொன்னாள். பாதிச் சொற்கள் வெளிவந்தன. எனினும் மேலாளர் புரிந்துகொண்டார். அவரும் ஒரு காலத்தில் நிரல் எழுதியவர்.

"டெஸ்ட் எல்லாம் பாஸ்தானே?" என்றார்.

"பாஸ். ஆனா நாம அனுப்பினதை டெஸ்ட் பண்ணல சார்."

"நீங்க நேர்ல பார்த்தீங்களா, வேகம் குறையாம வர்றதை?"

"இல்ல. அந்தச் செக் இல்லாததைப் பார்த்தேன்."

"அப்போ இது சந்தேகம்தானே? ஒரு சந்தேகத்துக்காக மறுபடியும் எல்லாரையும் அந்தரத்துல தொங்க விடணுமா? போன தடவை வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு. நான் இப்போ அவங்க முன்னாடிதான் உக்காந்திருக்கேன். இந்த நடை வந்து சேரட்டும். அப்புறம் ஆறஅமரப் பார்ப்போம். வாசல்ல ஸ்டாப்பர் வேற இருக்கே."

நிலைய வாயிலில் ஒரு தடுப்பு இருந்தது உண்மைதான். ஊர்ந்து வரும் பெட்டியைத் தாங்குவதற்கு வைத்த இரும்புத் தடுப்பு அது. முழு வேகத்தில், ஆட்களோடு வரும் பெட்டிக்கு அது சுவர்.

அவள் பலகையைப் பார்த்தாள். எண் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி இலக்கங்கள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. தான் தவறாகக் கணித்திருக்கலாம் என்று ஒரு குரல் அவளுக்குள் சொல்லிற்று. வேறெங்கோ இன்னொரு காப்பு இருக்கலாம். அவள் பார்க்காத ஒரு பகுதியில் அந்தக் கேள்வி மறுபடியும் கேட்கப்படலாம். அப்படியாயின் அவள் தன் கையாலேயே தங்கையை அந்த உயரத்தில், அந்தத் தரையில், அந்தக் காலணிகளுக்கிடையே மறுபடியும் அமர வைப்பாள். இனி ஒருபோதும் நேராது என்று அவளே சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்ட அதே பெட்டியில்.

"அண்ணே, கைவிசைக்கு மாத்த முடியுமா?"

"நின்னாத்தான் மாத்த முடியும். நின்ன பிறகு லீவரைத் தள்ளினா ஊர்ந்து வரும். அது உங்க புரோகிராமைக் கேட்காது."

"இந்தச் சிகப்புப் பொத்தான்?"

"அது யாரையும் கேட்காது, மேடம். கரண்டையே வெட்டிடும்" என்ற சங்கு, அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்து அவள் கேட்டதே இல்லை. "நான் தொட்டா வேலை போயிடும். எனக்கு மூணு பொண்ணுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பி டீயை எடுத்துக்கிறேன்."

அவர் திரும்பிக்கொண்டார். தொலைபேசியில் மேலாளர் அவள் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளங்கையால் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

கம்பிவடத்தின் முனகல் அறுந்தது. அந்த அமைதி ஒலியைவிடக் கொடியதாக இருந்தது. வெளியே பெட்டி முன்னும் பின்னுமாக வீசி ஆடுவதைக் கண்ணாடி வழியே கண்டாள். சற்றைக்கெல்லாம் அவள் தொலைபேசி அதிர்ந்தது.

"அக்கா..." இளையவளின் பற்கள் அடித்துக்கொண்டன. "நின்னுடுச்சு. மறுபடியும் நின்னுடுச்சுக்கா."

"தெரியும்டி. கேளு. நான்தான் நிறுத்தினேன்."

மறுமுனையில் யாரோ அழுவது கேட்டது.

"நீயா?"

"ஆமா. என் புரோகிராம்ல ஒரு தப்பு. அப்படியே விட்டிருந்தா கீழ வேகமா வந்து மோதியிருக்கும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? நினைக்கிறதுக்கு நாங்கதான் கிடைச்சோமா? காலையில சரின்னே. இப்போ தப்புங்கற. இதுல எதைத்தான் நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?"

"கம்பியைப் பிடி" என்றாள் மூத்தவள். "கம்பியைப் பிடிச்சுக்கோ. மெதுவா இறக்கறோம். பேசிக்கிட்டே இரு."

இளையவள் தொடர்பைத் துண்டிக்கவில்லை. அவளுடைய மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டே மூத்தவள் நின்றாள். சங்கு நெம்புகோலைத் தள்ளினார். பெட்டி ஊர்ந்தது. பார்க்கப் பார்க்க அது நகராததுபோல் இருந்தது. கீழே மக்கள் கூடி அண்ணாந்து நின்றனர். ஒருவர் யாரையோ உரக்கத் திட்டினார். கதவு திறந்ததும் செவிலியர் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு இறங்கினர். இளையவள் கடைசியாக வந்தாள். அக்காளைக் கடந்து போய்ச் சுவரோரம் இருந்த இருக்கையில் அமர்ந்து, முழங்கால்களை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டாள். மேல்நிலையத்திலும் எல்லோரும் இறங்கியாயிற்று என்று செய்தி வந்தது.

மேலாளர் வந்து சேர்ந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவளைத் திட்டுவார் என்று சங்கு தேநீர்க் குவளையோடு ஓரமாக ஒதுங்கினார். அவர் திட்டவில்லை.

"காத்து பலமா இருந்துச்சுன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். இப்போ ஆளில்லாம ஓட்டிக் காட்டுங்க. சரியா வந்து நின்னுச்சுன்னா, நாளைக்கு நீங்க வேலைக்கு வர வேண்டாம்."

வாயிலருகே நின்றோரையெல்லாம் அப்புறப்படுத்தினர். நின்றுபோன அதே இறக்கத்தை மறுபடியும் ஓட்டிக் காட்ட, அவள் பலகையின் எண்ணை ஒரு நடைக்கு முன் இருந்த நிலைக்குத் திருப்பி வைத்தாள். சங்கு வெற்றுப் பெட்டியை மேலே அனுப்பினார். அது போய்ச் சேர்ந்து, முறையாக வேகம் தணிந்து நின்றது. மேலாளர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தாள். அது நன்றாக வந்து நிற்க வேண்டும் என்று வேண்டுவதா, மோத வேண்டும் என்று வேண்டுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டில் எது நடந்தாலும் அது அவள் செய்ததுதான்.

பெட்டி இறங்கத் தொடங்கிற்று. பாதி வழியில் பலகையின் எண் ஒரு முறை துடித்தது.

"இது என்ன, நம்பருக்கு முன்னாடி ஒரு கோடு?" என்றார் சங்கு.

எண் சுழியத்துக்குக் கீழே விழுந்திருந்தது. வழக்கமாக முனகல் தாழும் இடம் வந்தது, முனகல் தாழவில்லை. வெள்ளைப் பெட்டி பெரிதாகிக்கொண்டே வந்தது. வாயிலை எட்டும் தறுவாயில் சங்கு பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தார். கம்பிவடம் கதறிற்று. பெட்டி தடுப்பில் மோதி, பின்புறம் எழும்பி, சாய்ந்து விழுந்தது. முன்பக்கக் கண்ணாடி முழுவதும் சிறு சிறு தூள்களாக மேடைமீது சிதறிற்று. இருக்கையொன்று பெயர்ந்து வாயிலில் தலைகீழாய்க் கிடந்தது.

மேலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

இளையவள் இருக்கையைவிட்டு எழுந்து வந்து, தூள்களை மிதிக்காமல் நின்று பார்த்தாள்.

"அந்த சீட்டுலதான் நான் இருந்தேன்" என்றாள்.

மூத்தவள் குனிந்து அந்த இருக்கையை நிமிர்த்தி வைத்தாள்.

"இதே மாதிரி இன்னும் எத்தனை செக்கை அது எடுத்துப் போட்டிருக்கும்மா?" என்று மேலாளர் கேட்டார். அவர் குரல் நோயாளியின் குரலாக இருந்தது.

"தெரியாது சார்."

"எவ்வளவு நாள்ல தெரியும்?"

"அதுவும் தெரியாது. ஒவ்வொரு வரியா பார்க்கணும். அதுவரைக்கும் ஓட்டக் கூடாது."

அவர் தலையசைத்தார். மூத்தவள் தங்கையின் பக்கம் திரும்பி, மெல்ல அவள் தோளைத் தொட்டாள். இளையவள் அந்தக் கையைத் தள்ளவில்லை, பற்றவும் இல்லை.

"நாளையிலிருந்து பஸ்தான்" என்றாள். "எப்பவாவது எல்லாம் பார்த்து முடிச்சு, சரின்னு உனக்குத் தோணுச்சுன்னா எனக்கு போன் பண்ணாத. நீ முதல்ல ஏறு. நான் கீழ நின்னு பார்க்கிறேன்."

அவள் தன் பையை எடுத்துக்கொண்டு, சிதறிய கண்ணாடியைச் சுற்றி நடந்து தெருவுக்குப் போனாள். மூத்தவள் அவளைப் பின்தொடர ஓரடி வைத்தாள், பிறகு நின்றாள். எதிரே மூன்றாம் மாடிச் சன்னலில், அவள் அணைக்க மறந்த திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவள் சாலையைக் கடந்து, அந்தப் படிகளில் ஏறலானாள். ஏறும்போது கைப்பிடிக் கம்பியை விடாமல் பற்றியிருந்தாள்.